எட்டு நிமிஷம் முன்னதாக

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் டைம் கீப்பராக இருந்த பெரியநாயகத்துக்கு, தாமதமாக வரும் பஸ்ஸைவிட நேரத்துக்கு முன்பே வந்து போய்விடும் பஸ்ஸின் மேல்தான் கோபம் அதிகம். தாமதத்துக்கு எத்தனையோ காரணம் இருக்கும். டயர் பஞ்சராகியிருக்கும், பாதையில் கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். சீக்கிரம் வருவதற்கு ஒரே காரணம், டிரைவர் விரட்டியிருக்கிறார். ஆறே முக்காலுக்குக் கிளம்ப வேண்டிய பஸ் ஆறு நாற்பதுக்கே கிளம்பிவிட்டால், கூடையும் கைக்குழந்தையுமாக ஆறு நாற்பத்திரண்டுக்கு ஓடிவரும் பெண்பிள்ளை அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். அவள் திட்டுவது சென்னையில் இருக்கும் ஆபீசுக்குக் கேட்காது. நிறுத்தத்தின் டைம் கீப்பர் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் இவருக்குத்தான் கேட்கும்.

பெரியநாயகம் பிறந்தது வடக்குப்பட்டில். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு இரண்டு வருஷம் வேலை தேடி அலைந்தார். 1959-ல் ஒரு தனியார் பஸ் கம்பெனி அவரைச் சுங்குவார்சத்திரத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது. அப்போது அவருக்கு இருபத்தோரு வயது. பின்னால் அரசாங்கம் பஸ்களை எடுத்துக்கொண்டது. பலகை மாறியது, பஸ்களின் நிறம் மாறியது. அவர் மட்டும் அதே தகரக் கூரைக் கூண்டில், அதே மர ஸ்டூலில் இருந்தார். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பஸ். ஒவ்வொன்றும் வந்து நின்றதும் கண்டக்டர் டிரிப் ஷீட்டை நீட்டுவார். இவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, வந்த நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். காலையில் ரேடியோவில் மணி சொல்லும்போது கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு வந்து, அதை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்வதுதான் அவருடைய நாளின் முதல் வேலை.

அந்தப் பாதையில் அவரிடம் அதிகமாக மெமோ வாங்கியவர் டிரைவர் சுப்பிரமணி. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் காலை வண்டி சுப்பிரமணியுடையது. நல்ல டிரைவர். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் முன்னால் போகிற எதையும் விட்டுவைக்க மாட்டார். பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து நின்று, உடனே கிளம்பவும் பார்ப்பார்.

"வண்டி நல்லா ஓடிச்சு சார். அதுக்கு நா இன்னா பண்றது? புடிச்சி நிறுத்தச் சொல்றியா?"

"ஆமா, நிறுத்து. நேரம் வந்தா போ."

"உக்காந்துகினு டைம் எழுதறவங்களுக்கு ரோட்டப் பத்தி இன்னா தெரியும்!"

இப்படிப் பல வருஷம் நடந்தது. இருவருக்கும் பகை என்று சொல்ல முடியாது. சுப்பிரமணி வீட்டுக் கல்யாணத்துக்குப் பெரியநாயகம் குடும்பத்தோடு போய் வந்திருக்கிறார். மறுநாளே மெமோவும் எழுதியிருக்கிறார்.

இருபது வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்தவருக்கு நாற்பத்திரண்டாம் வயதில் கால் மதமதப்பும், ஓயாத தாகமும் வந்தன. ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் சோதித்துவிட்டு, சர்க்கரை எல்லைக்கு வந்து நிற்கிறது என்றார். மாத்திரை இப்போது வேண்டாம், தினமும் நடங்கள் என்று அனுப்பிவைத்தார். மறுநாள் விடிகாலையிலிருந்து பெரியநாயகம் வல்லக்கோட்டைப் பக்கம் போகும் சாலையில் நடக்க ஆரம்பித்தார். கைக்கடிகாரம் கையில் இருந்ததால் தினமும் ஒரே வாய்க்கால் பாலத்துக்குப் போய்ச்சேர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்தார். நாற்பது நிமிஷம். ஒரு மாதத்தில் முப்பத்தைந்து. அதற்குமேல் நடையில் குறையவில்லை. குறைக்க வேண்டுமென்றால் ஓடத்தான் வேண்டும். அப்படித்தான் அவர் ஓட ஆரம்பித்தார்.

காக்கி அரைக்கால் சட்டையும் பனியனும் கான்வாஸ் ஷூவுமாக நாற்பது தாண்டிய மனிதர் ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்கு நடந்துபோகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டு, "இன்னா சார், பஸ்ஸ வுட்டுட்டியா?" என்று கேட்டார்கள். டீக்கடை ராஜம்மா, பின்னால் நாய் துரத்துகிறதா என்று எட்டிப் பார்த்தாள். அவர் மனைவி சூசையம்மாளுக்கு வெட்கம் தாளவில்லை.

"சக்கர எறங்கணும்னா பாவக்கா தின்னுங்க. ரோட்டுல ஓடினா மானம்தான் எறங்குது" என்றாள்.

சர்க்கரை இறங்கியது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். அதற்குப் பிறகு சூசையம்மாள் ஒன்றும் சொல்வதில்லை. கான்வாஸ் ஷூவைக் கழுவிக் காயவைப்பதும் அவள்தான்.

1982 ஐப்பசியில் ஒருநாள், மாலை ஷிப்டில் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் யாக்கோபு ஒரு நோட்டீசோடு வந்தான். யாக்கோபுக்கு முப்பது வயது இருக்கும். இவர்மேல் மரியாதையும் உண்டு, கிண்டலும் உண்டு.

"அண்ணே, ஒங்களுக்குத்தான் அச்சடிச்சிகிறாங்க, பாருங்க."

மாவட்ட விளையாட்டுச் சங்கம் ஒன்று மாரத்தான் போட்டி வைக்கிறது. பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு, காலை ஐந்தரை மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் பள்ளி மைதானத்தில் ஆரம்பம். காஞ்சிபுரம் சாலையில் இருபத்தொரு கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்பி, அதே மைதானத்தில் முடிவு. மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் கொசுறாக இருநூறு மீட்டரும். பத்தரை மணிக்குப் போட்டி மூடப்படும். அதற்குள் வந்தவர்களுக்குச் சான்றிதழ்.

பெரியநாயகம் நோட்டீசை இரண்டு முறை படித்தார். அதுவரை அவர் ஓடியதெல்லாம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். போட்டி என்ற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. ஆனால் அந்தப் பாதை அவருடைய கூண்டுக்கு முன்னால் போகிறது. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. இருபத்து மூன்று வருஷமாக அந்தச் சாலையில் மற்றவர்கள் போகும் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். பெயர் கொடுத்துவிட்டார்.

முதல் நீண்ட ஓட்டத்தை ஒரு விடுமுறை நாளில் வைத்துக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்புவது, இருபத்திரண்டு கிலோமீட்டர். மழை விட்டிருந்த காலை, எதிர்க்காற்று இல்லை. போகும்போது கால் தரையில் பாவாமல் ஓடியது. பதினொரு கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடித்தார். இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே திரும்பினார். மாம்பாக்கம் வந்தபோது தொடை கல்லாகிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு சாலையோரப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. அரை மணி கழித்து, சென்னையிலிருந்து திரும்பிய சுப்பிரமணியின் பஸ் அவருக்கு எதிரே வந்து நின்றது. கண்டக்டரும் ஒரு பயணியும் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் பானெட் மேல் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தார்.

வழியெல்லாம் சுப்பிரமணி சிரித்துக்கொண்டே வந்தார்.

"போறப்போ ஒன்ன பாத்தேன் சார். இன்னா ஸ்பீடு! வயசுப் புள்ள தோத்துடும்."

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்ல. நா பண்ணா மெமோ எழுதற. நீ பண்ணா யாரு எழுதறது?"

 பெரியநாயகம் பானெட் சூடு தாங்காமல் நெளிந்து உட்கார்ந்தார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் போய்விட்டது. அன்று சாயங்காலம் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு, பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டார். ஒரு பஸ்ஸுக்குப் போடுவதைப் போலவே தனக்கும் ஒரு டைம் சார்ட் போட்டார்.

கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம். முதல் கிலோமீட்டருக்கும் ஏழு, கடைசிக் கிலோமீட்டருக்கும் ஏழு. ஐந்தரைக்குக் கிளம்பினால் பதினோராவது கிலோமீட்டரில் இருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கு ஆறு நாற்பத்தேழு. இருபத்தொன்றில் திரும்பும் இடத்துக்கு ஏழு ஐம்பத்தெட்டு. மறுபடி சுங்குவார்சத்திரம் ஒன்பது எட்டு. மைதானத்துக்குப் பத்து இருபத்தைந்து. மூடும் நேரம் பத்தரை. தண்ணீர் குடிக்க, ஷூ நாடாவைக் கட்ட, ஐந்து நிமிஷம் மிச்சம்.

பார்த்தால் சுலபமாக இருந்தது. ஓடிப் பார்த்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. ஏழு நிமிஷத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது முதல் அரை மணி நேரத்துக்கு நடையைவிடக் கொஞ்சம்தான் வேகம். கால் முன்னால் இழுக்கும். இழுத்துப் பிடிக்க வேண்டும். சைக்கிளில் பால் கொண்டுபோகிறவர்கள் தாண்டிப் போய்விட்டு, பரிதாபப்பட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரை நிமிஷத்தில் வந்துவிட்டால் அடுத்த கல்லுக்கு மெதுவாகப் போனார். கார்த்திகையில் மழை நின்ற நாட்களில் இருபது கிலோமீட்டர், மார்கழியில் இருபத்தெட்டு. எழுந்திருக்க முடியாமல் உட்காரும் நிலை மறுபடி வரவில்லை. இருபத்தெட்டு முடித்த மறுநாள் காலை ஷிப்டுக்கு நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார். ஆனால் அதற்கு மேலும் பதினான்கு கிலோமீட்டர் இருக்கிறது என்ற நினைவு அன்று முழுவதும் கூடவே இருந்தது.

சார்ட்டின் ஒரு பிரதியை யாக்கோபு கூண்டின் பலகையில் குண்டூசியால் குத்தி வைத்தான். டீ குடிக்க இறங்கும் டிரைவர், கண்டக்டர் எல்லாரும் அதைப் படித்தார்கள். பெரியநாயகம் எத்தனை மணிக்கு எங்கே இருப்பார் என்பது அந்தப் பாதையில் ஓடும் எல்லா வண்டிக்கும் தெரிந்துவிட்டது.

சூசையம்மாளுக்கு ஒரே குறை. "ஞாயித்துக்கெழம பூசைய வுட்டுட்டா ஓடணும்? வேற நாளு கெடைக்கலியா அவங்களுக்கு?"

"எனக்கும் சேத்து நீ வேண்டிக்கோ."

"எனுக்கே வேண்டறதுக்கு நெறைய கீது" என்றாள். ஆனால் பூசை முடிந்து ஒன்பது மணிக்குப் பஸ் நிறுத்தத்துக்கு உப்புப் போட்ட மோர் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டாள்.

அந்த ஞாயிறு வந்தது. மைதானத்தில் நூற்றிருபது பேர் இருந்தார்கள். கல்லூரிப் பையன்கள், பட்டாளத்துக்காரர்கள், ஆயுதப்படைப் போலீஸ்காரர்கள். பெரியநாயகத்தின் முதுகில் எண்பத்தேழு என்று எழுதிய துணியைக் குத்தினார்கள். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் தன் பெயர் ராஜாமணி என்றார். வாட்டசாட்டமான ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். தனக்கும் இதுதான் முதல் மாரத்தான் என்றார்.

கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஐந்தரை ஆயிற்று. எல்லாரும் பனியில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு ஜீப் வந்தது, மாலை போட்டார்கள், கொடி அசைந்தது. பெரியநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து முப்பத்துநாலு. பழக்கதோஷம், பேனா எடுத்து இடது உள்ளங்கையில் 5.34 என்று எழுதிக்கொண்டு பேனாவைப் பையில் செருகினார். அதற்குள் எல்லாரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

கடைசி ஆளாகக் கிளம்பியதில்தான் கோளாறு ஆரம்பித்தது. முன்னால் போகும் முதுகுகளைப் பார்த்ததும் மூன்று மாதப் பழக்கம் கழன்றுகொண்டது. ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார். இருட்டில் கிலோமீட்டர் கல் சரியாகத் தெரியவில்லை. வழியோர வீடுகளில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். தூரத்தில் ராஜாமணியின் பெரிய முதுகு தெரிந்தது. அதைப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை. வெளிச்சம் வந்து கடிகாரம் தெரிந்தபோது சுங்குவார்சத்திரமே வந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் திருவிழாக் கூட்டம். சுப்பிரமணியின் பஸ் அங்கே பத்து நிமிஷம் நின்று ஆறு ஐம்பதுக்குக் கிளம்ப வேண்டியது. பயணிகள்கூட இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். யாக்கோபு கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினான்.

"ஆறு நாப்பத்துமூணு! அண்ணே, நாலு நிமிஷம் பிஃபோர் டைம்!"

சுப்பிரமணி நடுரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார். "நில்லு சார். ஒனக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா? நேரம் வந்தா போ."

கூட்டம் சிரித்தது. பெரியநாயகமும் சிரித்துக்கொண்டே அவரைச் சுற்றிப் போயிருக்கலாம். ஆனால் நின்றுவிட்டார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"நாலு இல்ல, யாக்கோபு. கெளம்பினதே நாலு நிமிஷம் லேட்டு. எட்டு."

"எட்டா?"

"எட்டு நிமிஷம் முன்னாடி வந்துகிறேன்."

மாம்பாக்கம் பாலத்துச் சுவர் அவர் கண்முன் வந்தது. அன்றும் இப்படித்தான், கால் வலிக்கவே இல்லை. சார்ட்டின்படி ஆறு நாற்பத்தேழு. நாலு நிமிஷம் தள்ளி ஆறு ஐம்பத்தொன்று. அதுவரை இங்கே நிற்பது என்று முடிவு செய்தார். யார் சொல்லிக்கொடுத்தும் அல்ல. முன்னால் வந்த வண்டியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

சுப்பிரமணிக்கே இப்போது சங்கடமாகிவிட்டது. "சார், நா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். ஓடு சார். எல்லாரும் தாண்டிகினு போறாங்க."

"போகட்டும்."

போனார்கள். அவர் தாண்டி வந்தவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பத் தாண்டிப் போனார்கள். எழுபதோ எண்பதோ, எண்ணவில்லை. பெரியநாயகம் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார். கூண்டின் பலகையைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டி மடக்கினார். ராஜம்மா கொடுத்த வெல்லக்கட்டியை, சர்க்கரை ஞாபகம் வந்து, பாதி கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நின்றதில் வியர்வை ஆறி முதுகு சில்லிட்டது. அதுவரை தெரியாத ஒரு வலி இடது முழங்காலில் எட்டிப் பார்த்தது. நிற்பது தப்போ என்று ஒரு சந்தேகம் வந்தது. இருந்தும் நின்றார். ஆறு ஐம்பதுக்குச் சுப்பிரமணி ஹாரன் அடித்துக்கொண்டே பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நிமிஷம் யாக்கோபு, "ரைட், ரைட்!" என்று பலகையைத் தட்டினான். பெரியநாயகம் கிளம்பினார். அவருக்குப் பின்னால் அப்போது யாரும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் கல்லைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஏழு நிமிஷம், ஒரு கல். வெயில் ஏறியது. ஏழேகால் மணியிலிருந்தே எதிரே திரும்பி வருகிறவர்களைப் பார்த்தார். முன்னால் வந்தவர்கள் லேசாக ஓடினார்கள், பின்னால் வந்தவர்களில் சிலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். புளியமரத்தடியில் திரும்பும்போது எட்டு மணி இரண்டு நிமிஷம். அங்கே நாற்காலியில் இருந்தவர் கையில் ஒரு முத்திரை குத்தி, "இன்னும் பாதி இருக்கு, முடியுமாய்யா?" என்று கேட்டார். பெரியநாயகம் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கல்லைப் பார்த்துக் கிளம்பினார்.

திரும்பும்போது முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கைக்கெட்டினார்கள். அவர் யாரையும் துரத்தவில்லை. அதே வேகத்தில்தான் போனார், அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கல்லூரிப் பையன் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். கூட இருந்தவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சுங்குவார்சத்திரத்துக்கு மறுபடி வந்தபோது ஒன்பது பதின்மூன்று. ஒரு நிமிஷம் தாமதம். சூசையம்மாள் பூசைக்குக் கட்டிய புடவையோடு சொம்பும் கையுமாக நின்றாள். முக்கால் மணியாக நிற்கிறாள் என்று யாக்கோபு சொன்னான். ஒன்பது மணி என்று சொல்லியிருந்தும் அவளால் கோயிலில் உட்கார முடியவில்லை.

"மூஞ்சியெல்லாம் உப்பு பூத்துக் கீது" என்று முந்தானையால் துடைத்தாள். "போதுங்க. இங்கயே நின்னுடுங்க. யாரு கேக்கப் போறா?"

அவர் மோரைக் குடித்தார். சொம்பில் கட்டியிருந்த உப்புப் பொட்டலத்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "பதினோரு கிலோமீட்டர்தான். வந்துடறேன்."

"பாத்து" என்றாள். 

அந்தப் பதினொரு கிலோமீட்டர் அவர் வாழ்நாளில் பார்த்த தூரத்திலெல்லாம் பெரிய தூரம். முப்பத்துநாலாவது கிலோமீட்டரில் கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. கல்லுக்கு ஏழு என்பது எட்டாகியது. கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். அப்படிப் போனால் கல்லுக்குப் பதினொரு நிமிஷம் ஆகும். கணக்குப் பார்த்தால் அது கட்டாது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். புளியமர நிழல் வந்தால் மெதுவாக, வெயில் வந்தால் வேகமாக. வெயிலைச் சீக்கிரம் கடந்துவிட வேண்டும் என்பதால் கால் தானாக எட்டிப் போட்டது. அப்படி நாலு கிலோமீட்டர் போனார்.

மாம்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ராஜாமணி ரோட்டோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கெண்டைக்கால் சதை பிடித்து உருண்டு நின்றது.

"வாய்யா எம்பத்தேழு. இருவது கிலோமீட்டர் வரைக்கும் பட்டாளத்துக்காரனுங்களோட போனேன். இப்ப பாரு."

பெரியநாயகம் உப்புப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை ராஜாமணி கையில் கொட்டினார். "தண்ணியோட போட்டுக்கோங்க. ஒக்காராதீங்க, ஒக்காந்தா எழுந்திரிக்க முடியாது. நடங்க." இதைச் சொல்ல நின்றது அரை நிமிஷம். அதற்குமேல் நிற்க அவரிடம் நேரம் இல்லை.

மைதான வாசலில் நுழையும்போது பத்து முப்பத்திரண்டு. பந்தலில் பாதியைப் பிரித்துவிட்டார்கள். மேஜையில் இருந்த சங்கத்துக்காரர் நோட்டை மூடி ரப்பர்பேண்டு போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். கெட்ட மனிதர் அல்ல.

"ரொம்ப நல்லா வந்தீங்க ஐயா. ஆனா போட்டி பத்தரைக்கே முடிஞ்சிடுச்சு. உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேருக்கும் இதேதான் சொன்னேன்."

அந்த இரண்டு பேரும் கம்பத்தடியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியநாயகம் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விழாமல் இருக்க.

"நான் எடுத்துகினது நாலு மணி அம்பத்தெட்டு நிமிஷம் சார்."

"அஞ்சரையிலேருந்து பத்தரைன்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கோமே."

"அது கெளம்ப வேண்டிய நேரம். கெளம்பின நேரம் எது? எங்க எழுதி வெச்சிகிறீங்க?"

ஆசிரியர் நோட்டைத் திறந்து புரட்டினார். அந்த இடம் காலியாக இருந்தது. பெரியநாயகம் உள்ளங்கையைக் காட்டினார். வியர்வையில் பாதி அழிந்து, முப்பத்துநாலு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"நீங்க எழுதினத நான் எப்படி எடுத்துக்கறது?"

நியாயமான கேள்விதான். அவரே பல டிரைவர்களிடம் அதைக் கேட்டிருக்கிறார். தலை சுற்றியது, இருந்தும் கண் பழக்கப்படி நோட்டில் ஓடியது. முதல் பரிசு பெற்றவரின் பெயருக்கு எதிரே, ஸ்டாப் வாட்சில் பார்த்தது என்று இரண்டு மணி நாற்பத்தொரு நிமிஷம் எழுதியிருந்தது. பக்கத்திலேயே, வந்து சேர்ந்த நேரம் எட்டு பதினைந்து.

"இத்த பாருங்க சார். எட்டு பதினஞ்சுல ரெண்டு மணி நாப்பத்தோரு நிமிஷத்தக் கழிங்க."

ஆசிரியர் விரல்விட்டுக் கழித்தார். இன்னொருமுறை கழித்தார். பிறகு ரப்பர்பேண்டைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பத்தடியில் இருந்த இருவரையும் கைகாட்டிக் கூப்பிட்டார். மூன்று சான்றிதழ்களிலும் அவரே பெயர் எழுதினார். பெரியநாயகத்துக்கு நான்கு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம் என்று போட்டு, தேதியும் போட்டார்.

அந்த நேரத்தில்தான் ராஜாமணி ஒரு காலை இழுத்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். ஆசிரியருக்கு இப்போது தன் கடிகாரத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. பெரியநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இவருக்கு ஐயா?"

பெரியநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்தாறு.

"முப்பத்துநாலோட முடியுது சார்" என்றார் மெல்ல. "ரெண்டு நிமிஷம் லேட்டு."

சுங்குவார்சத்திரம் வரை ராஜாமணியும் அவரோடு பஸ்ஸில் வந்தார்; அங்கிருந்து வேறு பஸ் மாறவேண்டும். ஒரே சீட்டில் உட்கார்ந்து இருவரும் ஷூவைக் கழற்றிக் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். பெரியநாயகத்துக்கு இரண்டு நகம் கறுத்திருந்தது. ராஜாமணிக்கு நாலு.

"உப்பு குடுத்தியே, ரெண்டு நிமிஷம் குடுக்கக் கூடாதா?" என்றார் ராஜாமணி. பேச்சில் பாதி கோபம், பாதி கிண்டல்.

"உப்பு என்னுது சார். அதான் குடுத்தேன்."

 ராஜாமணி சிரித்துவிட்டார். "அடுத்த வருசம் ஒன் பின்னாலயே வரேன். நீ நின்னா நானும் நிக்கறேன்."

"மொதல்ல அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லணும். வெய்யிலு தாங்கல."

சுங்குவார்சத்திரத்தில் பஸ் நின்றது. சூசையம்மாள் காலிச் சொம்போடு அங்கேயே நின்றிருந்தாள். பெரியநாயகம் வாசலுக்கு வந்து முதல் படியில் காலை வைத்தார். தொடை மடங்க மறுத்தது. பின்னால் இறங்க வேண்டியவர்கள் வரிசையாக நின்றார்கள். கம்பியை இறுகப் பிடித்து, பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, ஏணியில் இறங்குவதுபோல ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் சூசையம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடக்க முடியுமா, ரிக்‌ஷா கூப்டட்டா?"

"கூப்டு" என்றார்.